சர்வகலாசாலை அணியும் நமது மைதானமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி இறுப்பிட்டியில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு நாளன்று ஆற்றிய உரை)

 

இன்று காலை உயரம் பாய்தற் போட்டி நடந்த இடத்திலே நாமும் நின்றோம். இரண்டு தடிகளை நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலை வைத்து, கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியிலே கொண்டுவந்த மணலைக் கொட்டி, அதையே பாயும் குழியாக ஆக்கியிருந்தார்கள். ஒரு பையன் தன் நெற்றி உயரத்துக்கு வைத்த தடியைத் தொடாமலே தாண்டினான். சனங்கள் கைதட்டினார்கள். எமக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவரும் கைதட்டினார், தட்டிவிட்டு, "பெடியன் நல்லாய்த்தான் பாயிறான். ஆனால் வாற வருஷம் சோதினை. பாய்ச்சல் சோறு போடுமோ தம்பி?" என்று எம்மைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆழமாய் உழுதால் உப்புத் தண்ணீர் வரும் மண்ணிலே பிறந்தவர்கள் நாம். கடையும் கப்பலும் உத்தியோகமும் தேடி நம் முன்னோர் கொழும்புக்குப் போனார்கள். அதன்பின் பிள்ளைகள் இன்னும் தூரம் போனார்கள். 1991ஆம் ஆண்டிலே ஊரே இடம்பெயர்ந்து வெறுமையான நாட்களையும் கண்டோம். பெட்டியில் எடுத்துப்போக முடிந்த ஒரே முதல், படித்துப் பெற்ற தாள்தான் என்று எமது பெற்றார் எண்ணினால் அதிலே பிழை என்ன? எமது காலத்திலும் பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டார் பந்தை எடுத்து அறைக்குள்ளே பூட்டிவிட்டார்கள். சோதினை முடிந்து திறந்து பார்த்தபோது பந்தில் காற்றும் இல்லை, காலில் பழைய ஓட்டமும் இல்லை.

ஆதலினால், விளையாட்டையும் உயர்கல்வியையும் ஒரே கூரையின் கீழே வளர்த்த ஒரு சர்வகலாசாலையின் கதையை இன்று சொல்லலாம் என்று எண்ணினோம். அது நம் தீவுக்கு மிகத் தூரத்தில் உள்ளது. பசுபிக் சமுத்திரத்தின் அக்கரையிலே, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்ணியாச் சர்வகலாசாலை. சுருக்கமாக யூ.சி.எல்.ஏ. என்பார்கள். இத்தனை தூரம் போவதற்குக் காரணம், அந்தச் சர்வகலாசாலையின் சட்டையை அணிந்து உயரம் பாய்ந்தவர்களிலே ஒருவர் நமது யாழ்ப்பாணத்தவர் என்பதுதான். அவரிடம் பிறகு வருவோம்.

முதலிலே ஒரு சொல். சர்வகலாசாலை அணியை ஆங்கிலேயர் 'வாசிற்றி' என்பர். நமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைக் 'கம்பஸ்' என்று சுருக்கிச் சொல்வது போலவே, 'யூனிவேசிற்றி' என்ற நீண்ட சொல்லின் தலையை வெட்டி வாலை மட்டும் அக்காலத்து ஆங்கில மாணவர் வைத்துக்கொண்டனர். ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் 1827இல் கிறிக்கெற்றிலும், 1829இல் படகோட்டத்திலும் முதன்முறையாக மோதின. அந்தக் கேம்பிரிட்ஜ் அணிக்கு 1957இல் தலைவராய் இருந்தவர் நம் நாட்டுக் காமினி குணசேனா. லோர்ட்ஸ் மைதானத்திலே ஒக்ஸ்போர்ட்டுக்கு எதிராக அவ்வாண்டு 211 ஓட்டங்கள் எடுத்தார். அமெரிக்காவுக்குப் போன 'வாசிற்றி' என்ற சொல் சற்றுப் பொருள் மாறிற்று. அங்கே அது கல்லூரியின் முதலாம் அணியைக் குறிக்கும். முதலாண்டு மாணவர் பல காலம் அந்த அணியிலே சேர முடியாது. அவர்களுக்கு வேறு அணி இருந்தது. முதலாம் அணியில் தேறியவருக்குச் சர்வகலாசாலையின் எழுத்தைத் துணியில் வெட்டிக் கொடுப்பார்கள். அதைச் சட்டையிலே தைத்துக்கொள்வது பெரிய கௌரவம். நமது நாட்டிலே 'கலர்ஸ்' கொடுப்பது என்கிறோமே, அதைப் போன்றது.

இனிக் கதைக்கு வருவோம். 1919ஆம் ஆண்டிலே பேர்க்லியில் இருந்த பெரிய சர்வகலாசாலையின் 'தென்கிளை' என்ற பெயரோடு லொஸ் ஏஞ்சலிஸ் கலாசாலை தொடங்கிற்று. தொடங்கிய ஆண்டிலேயே, கையிலேந்தி ஓடுகிற அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு ஓர் அணியைத் திரட்டினார்கள். முதல் ஆட்டத்தை இன்னொரு சர்வகலாசாலையோடு ஆடினார்கள் என்று நினையாதீர்கள். அயலிலிருந்த ஓர் உயர்தரப் பாடசாலையோடு ஆடினார்கள். ஆடி, 74க்குப் பூச்சியமாகத் தோற்றார்கள்! பத்து வருடம் கழித்து, 1929இல், அதே நகரத்திலுள்ள தென் கலிபோர்ணியாச் சர்வகலாசாலையோடு முதன்முறையாக மோதினார்கள். அன்று 76க்குப் பூச்சியம். பத்து வருடத்தில் இரண்டு புள்ளி கூடுதலாகத் தோற்கப் பழகினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பெயரும் அவர்களுக்குச் சொந்தமாய் இருக்கவில்லை. பேர்க்லி அணியினர் 'கரடிகள்'; ஆகவே தம்பிமாரை 'கரடிக்குட்டிகள்' என்றார்கள். பிறகு வேறொரு கரடியினத்தின் பெயரை வைத்தார்கள். 1926இல் பெரிய போட்டிக் கூட்டமைப்பிலே சேர்ந்தபோது அந்தப் பெயரில் மொன்ரானா அணி ஏற்கெனவே இருந்தது. கடைசியில், பேர்க்லியார் தமக்கு வைத்திருந்த இரண்டு பெயர்களிலே ஒன்றான 'புறூயின்ஸ்' என்பதை விட்டுக்கொடுத்தார்கள். அதுவும் கரடிதான். மூத்தவனின் சட்டையை இளையவன் போடுவது நம் வீடுகளில் மட்டும் நடப்பதன்று.

இப்படித் தொடங்கிய கலாசாலை, இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டங்களில் 120க்கு மேல் பெற்றிருக்கிறது. எப்படி நேர்ந்தது இந்த மாற்றம்? பணமும் ஊரின் பெருக்கமும் இதமான காலநிலையும் காரணங்கள்தாம். ஆனால் நாம் படித்தறிந்த மட்டில், பிறர் வாசலில் மறித்த ஆட்களை இவர்கள் உள்ளே விட்டார்கள் என்பதே முதற்காரணம். முழு மனதோடு விட்டார்கள் என்று சொல்லமாட்டோம். மற்றவர்களை விட முன்னதாக விட்டார்கள்.

1939ஆம் ஆண்டின் உதைபந்தாட்ட அணியை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னி வாஷிங்ரன், வூடி ஸ்றோட், றே பாட்லெற், ஜக்கி றொபின்சன் என்று நான்கு கறுப்பின மாணவர்கள் அதிலே இருந்தார்கள். பெரிய சர்வகலாசாலை அணிகள் பலவற்றில் ஒரு கறுப்பரும் இல்லாத காலம் அது. அவ்வாண்டு அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை; ஆறு வெற்றி, நான்கு சமநிலை. கடைசி ஆட்டத்திலே, முன்பு 76 புள்ளிகளால் தம்மைத் தோற்கடித்த அதே தென் கலிபோர்ணியா அணியோடு, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனங்கள் பார்த்திருக்கப் பூச்சியத்துக்குப் பூச்சியமாக முடித்தார்கள்.

அந்த நால்வரிலே றொபின்சனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுவேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாயின் கடைக்குட்டி அவர். தமையன் மக் றொபின்சன் 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிலே 200 மீற்றர் ஓட்டத்தில் ஜெஸி ஓவன்சுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர். பதக்கத்தோடு ஊர் திரும்பிய அந்தத் தமையனுக்குக் கிடைத்த வேலை தெருக் கூட்டுவது! 'பாய்ச்சல் சோறு போடுமோ' என்று கேட்ட பெரியவர் இதைக் கேட்டால், "பாத்தியோ தம்பி, நான் சொன்னேனே" என்பார். ஆனால் தம்பியார் விளையாட்டை விடவில்லை. யூ.சி.எல்.ஏ.யிலே உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டி, பேஸ்போல் என்ற நான்கிலும் எழுத்துப் பெற்ற முதல் மாணவர் அவர்தான். 1940இல் நீளம் பாய்தலிலே கல்லூரிகளின் தேசிய வீரராகி, 24 அடி 10¼ அங்குலம் பாய்ந்தார். அவருக்கு மிகவும் வராத விளையாட்டு எது தெரியுமா? பேஸ்போல். அந்தப் பருவத்திலே நூறு தடவை மட்டை பிடித்தால் பத்துத் தடவைகூட ஒழுங்காய் அடிக்கவில்லை என்ற கணக்கு. ஆனால் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, வெள்ளையர் மட்டுமே ஆடிய பெரும் பேஸ்போல் சங்கங்களின் கதவை புறூக்லின் அணிக்காக ஆடித் திறந்தவர் அவரேயாவர். அதற்கு முந்திய வருடம் வாஷிங்ரனும் ஸ்றோட்டும் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் அதே போன்ற கதவைத் திறந்திருந்தார்கள். ஒரே கலாசாலையின் ஒரே அணியில் பக்கத்திலே பக்கத்திலே நின்றவர்கள்!

ஆனால் இதைச் சொர்க்கலோகம் என்று எண்ணவேண்டாம். மைதானத்தில் அவர்களுக்குக் கைதட்டிய சனங்கள், சர்வகலாசாலையின் அயலிலே வீடு கொடுக்க ஒப்பவில்லை. கறுப்பனுக்கு எந்தப் பட்டமும் வேலை வாங்கித் தராது என்று மனம் நொந்து, றொபின்சன் 1941இல் பட்டம் பெறாமலே படிப்பை விட்டு வெளியேறினார்.

இந்த இடத்திலே நாம் அமெரிக்கரைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு அப்பால் போய்விடலாம். அது நேர்மையாகாது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே தமிழர் தமிழரை மறித்து நின்ற சரித்திரம் நமக்கும் உண்டு. கிணற்றிலும் கோயிலிலும் போட்ட கோட்டை மைதானத்திலே ஒருபோதும் போடவில்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா? அணிக்குப் பதினொரு பேரைத் தெரியும்போது காலைப் பார்த்துத் தெரிந்தோமா, வீட்டைப் பார்த்துத் தெரிந்தோமா? இதற்கு மறுமொழி இந்தக் கூட்டத்திலே சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்த் தத்தம் மனதுக்குச் சொல்லிக்கொண்டால் போதும்.

இனி, நமது மனிதரிடம் வருவோம். பெரியவிளானிலே 1934இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களைத்தான் சொல்கிறோம். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவுக்கு இலங்கையின் உயரம் பாயும் வீரராகச் சென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956இல் மெல்பேணுக்கும் போனார். 1958இல் ரோக்கியோவிலே நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறடி எட்டங்குலம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாவிலே நம் நாட்டுக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று தொலைக்காட்சியிலே முதுகைக் கொடுத்துத் தடியைத் தாண்டி, தடித்த மெத்தையிலே விழுகிறார்களே, அந்த முறையை அமெரிக்கரான பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோவில் வென்ற பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது. எதிர்வீரசிங்கம் பாய்ந்த நாட்களிலே வீரர்கள் விழுந்தது மணலிலும் மரத்தூளிலும்தான். இன்று காலை நமது தம்பி விழுந்தானே, அதே போன்ற குழி.

அந்த எதிர்வீரசிங்கம் 1950களின் பிற்பாதியில் யூ.சி.எல்.ஏ.யிலே மாணவராகி, அதன் அணிக்காகப் பாய்ந்தார். பாய்ச்சலுக்காகப் படிப்பை அவர் விட்டாரா? இல்லை. அங்கே பட்டம் பெற்றார், பின்பு கோர்ணெல் சர்வகலாசாலையில் கலாநிதிப் பட்டமும் பெற்றார், ஆபிரிக்காவிலே கற்பித்தார், யுனெஸ்கோ நிறுவனத்தில் பணிபுரிந்தார். 2024ஆம் ஆண்டில் காலமாகும் வரை 'கலாநிதி எதிர்வீரசிங்கம்' என்றே ஊர் அவரை அழைத்தது. பாய்ச்சல் அவரைப் படிப்பிலிருந்து பிடுங்கவில்லை. ஒரு பெரிய படிப்பின் வாசலுக்குத் தூக்கிச் சென்றது.

அக்காலத்தில் அந்த அணியின் பயிற்றுநராய் இருந்தவர் டக்கி ட்ரேக் என்பவர். முதலிலே வீரரின் காலுக்கும் கைக்கும் கட்டுப்போட்டு நோவு தீர்க்கும் வேலை பார்த்த மனிதர். பிறகு தலைமைப் பயிற்றுநரானார். 1956இல் அவருடைய அணி கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. அவரிடம் பயின்றவர்களிலே றேபர் ஜோன்சன் என்ற கறுப்பின இளைஞர் ஒருவர். சர்வகலாசாலையின் மாணவர் சங்கத் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டவர். இன்னொருவர் தைவானிலிருந்து வந்த யாங் சுவான்-குவாங். நமது எதிர்வீரசிங்கம் தங்கம் வென்ற அதே ரோக்கியோ விழாவில், பத்து நிகழ்ச்சிகளைக் கொண்ட டெகத்லன் போட்டியில் தங்கம் வென்றவர் இந்த யாங்.

1960இல் றோம் ஒலிம்பிக்கிலே இந்த இருவரும் டெகத்லனில் எதிரெதிராக நின்றார்கள். ஜோன்சன் அமெரிக்காவுக்கு, யாங் தன் நாட்டுக்கு. இரண்டு நாட்களில் ஒன்பது நிகழ்ச்சிகள் முடிந்துவிட்டன. மிஞ்சியது 1500 மீற்றர் ஓட்டம் ஒன்றே. ஜோன்சன் 67 புள்ளிகளால் முன்னுக்கு நிற்கிறார். ஆனால் யாங் நல்ல ஓட்டக்காரர்; அவர் பத்து விநாடியளவு முந்தி வந்தால் தங்கம் அவருக்கு. ஓட்டத்துக்கு முன் ஜோன்சன் ட்ரேக்கிடம் போய், "என்ன செய்ய?" என்று கேட்டார். "யாங்குக்குப் பின்னாலே நிழல் போல ஒட்டிக்கொண்டு ஓடு. விலகவிடாதே" என்றார் ட்ரேக். யாங்கும் அதே ட்ரேக்கிடமே வந்து கேட்டார். "எவ்வளவு தூரம் முந்த முடியுமோ அவ்வளவு தூரம் முந்து. அவனால் ஒட்டிக்கொள்ள ஏலாமற் செய்" என்றார் ட்ரேக். இரண்டு பேருக்கும் உண்மையான யோசனையே சொன்னார். தன் நாட்டான் என்று ஒருவனுக்கு ஒன்றும், வந்தவன் என்று மற்றவனுக்கு வேறொன்றும் சொல்லவில்லை. யாங் ஓடினார், ஜோன்சன் விடவில்லை. முடிவிலே யாங் முந்தியது ஒரு விநாடியும் சொச்சமும்தான். ஜோன்சனுக்கு 8392 புள்ளி, யாங்குக்கு 8334. ஐம்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசம்! பத்து நிகழ்ச்சிகளில் ஏழிலே யாங்தான் ஜோன்சனை வென்றிருந்தார் என்பதும் வியப்பு. ஓட்டம் முடிந்ததும் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்று இளைப்பாறினார்கள்.

வாத்திமாரிலே ட்ரேக்கைப் போன்றவர் கிடைப்பது அரிது. அதே கலாசாலையில் இன்னொருவரும் கிடைத்தார். அவர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஜோன் வூடன். 1948 தொடக்கம் 1975 வரை அங்கே இருந்தவர். அவருடைய பத்துத் தேசியப் பட்டங்களை, அவற்றில் ஏழு தொடர்ச்சியாக வந்ததை, எல்லோரும் சொல்வார்கள். நாம் சொல்ல விரும்புவது முந்திய பதினாறு வருடங்களை. முதலாவது பட்டம் 1964இலேதான் வந்தது. அதுவரை ஒரு பழைய கட்டடத்து மேல்மாடியில், ஒரு மூலையிலே மல்யுத்தக்காரரும் இன்னொரு மூலையிலே உடற்பயிற்சிக்காரரும் கலகலத்துக்கொண்டிருக்க, தரையைத் தாமே கூட்டித் துடைத்து அணியைப் பழக்கினார். ஒவ்வொரு பருவத்தின் முதல்நாளும், அமெரிக்காவின் தலைசிறந்த இளைஞர்களை இருத்திவைத்து, காலுறையை மடிப்பில்லாமல் போடுவது எப்படி, சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுப்பாராம். மடிப்பிருந்தால் கொப்பளம், கொப்பளம் வந்தால் பயிற்சி தவறும், பயிற்சி தவறினால் ஆட்டம் தவறும். நமது பிள்ளைகளில் அரைவாசிப் பேர் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்பீர்கள், சிரிக்கலாம். ஆனால் ஓடுமுன் மைதானத்து நெருஞ்சிமுள்ளைப் பொறுக்கிப்போடும் பாடம் இருக்கிறதே, அது யாருடைய வேலை?

வூடனைப் பற்றி இன்னுமொன்று. இந்தக் கலாசாலைக்கு வருமுன் அவர் இந்தியானா மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலே பயிற்றுநர். 1947இல் அவருடைய அணிக்கு ஒரு தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பு மாணவருக்கு அப்போட்டியில் இடமில்லை என்றார்கள். அணியிலே கிளாறன்ஸ் வாக்கர் என்ற ஒரேயொரு கறுப்பு மாணவர், அதிகம் ஆடாதவர், மேலதிக ஆள். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வூடன் அழைப்பையே மறுத்தார். மறு வருடம் விதி மாறிற்று, வாக்கரும் ஆடினார்.

பெண்பிள்ளைகள் இந்தக் கதையிலே எங்கே என்று தங்கைமார் கேட்பது எமக்குக் கேட்கிறது. நெடுங்காலம் எங்குமே இல்லை. 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் மூலவாக்கியம் ஆங்கிலத்திலே முப்பத்தேழு சொற்கள் மட்டுமே. அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடத்திலே ஆண், பெண் என்று பார்த்து எவரையும் விலக்கக்கூடாது என்பது அதன் பொருள். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை! ஆனால் மைதானத்தை மாற்றியது அந்தச் சட்டந்தான். 1974இல் ஆன் மையர்ஸ் என்ற பெண் யூ.சி.எல்.ஏ.யின் கூடைப்பந்தாட்ட அணிக்கு முழு விளையாட்டுப் புலமைப்பரிசிலோடு வந்தார். பெண்ணொருத்திக்கு அங்கே அப்படிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அவருடைய அண்ணன் டேவ் அவ்வேளை வூடனின் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டின் அண்ணனுக்குத் திறந்திருந்த கதவு, தங்கைக்குத் திறக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1978இல் தங்கையின் அணியும் தேசியப் பட்டம் வென்றது. பிறகு வந்த ஜக்கி ஜோய்னர் என்ற பெண், அங்கே கூடைப்பந்தும் ஆடி, மெய்வல்லுநராகவும் பயின்று, 1988இல் சோல் ஒலிம்பிக்கின் ஏழு நிகழ்ச்சிப் போட்டியிலே 7291 புள்ளிகள் எடுத்தார்.

அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று முடிக்கவும் மனம் வரவில்லை. இன்று அமெரிக்கச் சர்வகலாசாலை விளையாட்டு பெரிய வியாபாரமாகிவிட்டது. 2024ஆம் ஆண்டிலே யூ.சி.எல்.ஏ. தன் பழைய மேற்குக்கரைக் கூட்டமைப்பை விட்டு, தொலைக்காட்சிப் பணம் கூடிய 'பெரிய பத்து' என்னும் கூட்டமைப்பிற் சேர்ந்தது. அந்தப் பத்திலே இப்போது பதினெட்டுக் கலாசாலைகள். எண் கற்பிக்கும் இடங்களிலே எண்ணுக்கு இந்த மரியாதை! மாணவர்கள் ஓர் ஆட்டத்துக்காகக் கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பறக்கிறார்கள். அவர்கள் எந்த நேரத்தில் படிப்பார்கள் என்று, காலையில் எம்மோடு நின்ற பெரியவர் கேட்டால், அந்தக் கேள்வி அங்கேதான் மிகவும் பொருந்தும்.

நமது நாட்டுக்கு வருவோம். 1921இல் கொழும்பிலே யூனிவேசிற்றிக் கல்லூரி; 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை; 1952 தொடக்கம் பேராதனை. அந்தச் சர்வகலாசாலையின் கிறிக்கெற் அணி 1962/63 பருவத்திலே, கொழும்பின் பெரிய கழகங்களையெல்லாம் தாண்டி, சரவணமுத்துக் கிண்ணத்தை வென்றது. பகலில் விரிவுரைக்கும் பின்னேரம் மைதானத்துக்கும் போன பிள்ளைகள் அவர்கள். 1974ஆம் ஆண்டு ஒக்ரோபரில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி மண்ணிலேயே யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நமது வீட்டு வாசலிலிருந்து வாணர் தாம்போதியைத் தாண்டி, வேலணை, பண்ணை வழியே பஸ்ஸிலே போய்ச் சேரக்கூடிய சர்வகலாசாலை. அதற்கும் அணிகள் உண்டு. அந்த அணிகளுக்கும் ஆள் வேண்டும். பட்டப்படிப்புக்குப் போகிற நமது பிள்ளை, பத்தாம் வகுப்போடு பந்தைப் பூட்டிவைத்த பிள்ளையாக இருந்தால், அங்கே போய் மைதானத்தின் ஓரத்திலே நின்று பார்க்கலாம். வேறொன்றும் செய்ய ஏலாது.

ஆகவே பெரியவருக்கு எமது மறுமொழி இது. பாய்ச்சல் எல்லாருக்கும் சோறு போடாது, ஐயா. மக் றொபின்சனுக்குப் போடவில்லை. நமது எதிர்வீரசிங்கத்துக்குப் போட்டது பாய்ச்சலா, படிப்பா என்று பிரித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை. அவராலும் இயன்றிராது என்றே எண்ணுகிறோம். ஆனால் பையனை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் விடுவதனால் சோதினை கெட்டுப்போகும் என்பதை நாம் ஒப்பவில்லை. கெடுவதானால் அது படலையிலே நின்று கதைக்கும் ஒரு மணித்தியாலத்தினால் கெடட்டும்.

பேச்சை நீட்டிவிட்டோம், தலைவர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். சங்கக் கூட்டத்திலே மூன்று விடயங்கள் பேசப்பட்டிருக்கின்றன. அவற்றை உங்கள் முன் வைத்துவிட்டு அமர்கிறோம். காலையில் கொட்டிய மணலை இனி அள்ளிக்கொண்டு போகாமல் அந்த இடத்திலேயே குழிவெட்டி நிரந்தரமாக விடுவது ஒன்று. அதற்கு இரண்டு நாட் சிரமதானம் வேண்டும், மண்வெட்டி உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்றே விடுவது இரண்டாவது. இதற்கு ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு, அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், தாய்மார் அவர்களோடு பேசிக்கொள்ளட்டும். சோதினை எழுதும் பிள்ளைகளுக்கு, பின்னேரம் விளையாடி வந்த பின் இருந்து படிக்கச் சங்க மண்டபத்தை இரவு ஒன்பது மணிவரை விளக்கோடு திறந்துவைப்பது மூன்றாவது. திறப்பை வைத்துக்கொள்ள ஓராள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க நாம் ஆயத்தம்.

விளக்கு வைக்கும் நேரமாகிறது. இனிப் பரிசில்கள். உயரம் பாய்தலில் முதலாவதாய் வந்த தம்பி முன்னுக்கு வரட்டும். அந்தப் பெரியவரையே மேடைக்கு அழைத்துப் பரிசைக் கொடுப்பிக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.